ஈசாப் ஆப்ஷனும் நண்பரின் கம்பெனியும்

வாசகர் கேள்வி – பதில்

என் மகன் ஓ.எம்.ஆரில் ஒரு ஸ்டார்ட்அப்பில் ஆறு வருஷமாக இருக்கிறான். இப்போது பிராடக்ட் பிரிவுக்குத் தலைவர். வேலையை விட்டுவிட்டு, ஈசாப் பங்கை, அதாவது ஊழியர்களுக்குக் கம்பெனி தரும் பங்கை வைத்துச் சின்னக் கம்பெனிகளில் முதலீடு செய்யப்போகிறானாம். இது ஒத்துவருமா?
– ஒரு தாயார், பெரம்பூர்

ஒத்துவரும் அம்மா, ஆனால் அவசரப்பட வேண்டாம். நம் ஊரிலேயே கிரிஷ் மாத்ருபூதம் இருக்கிறார். ஸோஹோ மென்பொருள் கம்பெனியில் பிராடக்ட் நிர்வாகத்தில் துணைத் தலைவராக இருந்தவர். 2010-ல் ஃப்ரெஷ்டெஸ்க் என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆகி, 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானது. டுகெதர் ஃபண்ட் என்ற முதலீட்டு நிதியை நண்பர்களோடு அவர் தொடங்கியதும் 2021-ல்தான். நடுவில் 11 வருஷ உழைப்பு.

உங்கள் மகனிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: கையில் இருப்பது பங்கா, ஆப்ஷனா? ஆப்ஷன் என்றால், குறித்த விலைக்குப் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமை மட்டுமே. 2,000 ஆப்ஷன், குறித்த விலை 10 ரூபாய், இன்றைய மதிப்பு 400 ரூபாய் என்று வையுங்கள். வாங்கும் அன்றே 390 ரூபாய் வித்தியாசம் சம்பளமாகக் கணக்காகும். மொத்தம் 7,80,000. 30 சதவீத அடுக்கில் இருந்தால், வரியோடு அந்த வரிமேல் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 2,43,360 ரூபாய். பட்டியலாகாத பங்கைச் சந்தையில் விற்று இந்த வரியைக் கட்ட முடியாது, கைப்பணம்தான் போகும். அரசுக் குழுவின் சான்று பெற்ற சில ஸ்டார்ட்அப்களில் வரியைத் தள்ளிப்போடலாம். ஆனால் வேலையை விட்டால் அந்தச் சலுகையும் போய்விடும். வேலையை விட்ட பிறகு எத்தனை நாளுக்குள் ஆப்ஷனைப் பயன்படுத்திப் பங்கை வாங்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். ராஜினாமாக் கடிதம் எழுதுவதற்கு முன்பே அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.

காசிமேட்டில் மீன் கொள்முதலுக்கு ஆப் செய்யும் நண்பர் 10 லட்சம் கேட்கிறார். "பாதி ரொக்கமாகக் கொடு, பேப்பர் அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், ராயபுரம்

ரொக்கமாக ஒரு ரூபாய்கூட வேண்டாம். பிரைவேட் லிமிடெட் கம்பெனி தனிப்பட்ட முறையில் பங்கு வெளியிட்டுப் பணம் வாங்கும்போது, அது வங்கி வழியாகத்தான் வர வேண்டும். நண்பரிடம் இந்த வரிசையில் கேளுங்கள்: பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை, பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம், உங்கள் பெயருக்கு பி.ஏ.எஸ்.-4 சலுகைக் கடிதம். அதற்குப் பிறகுதான் பணம், அதுவும் தனி வங்கிக் கணக்குக்கு. பணம் வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். ஒதுக்கிய 15 நாளுக்குள், ஒதுக்கீட்டைத் தெரிவிக்கும் பி.ஏ.எஸ்.-3 படிவத்தைக் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அதுவரை அந்தப் பணத்தைக் கம்பெனி தொடக்கூடாது. "நேற்றே டீசலுக்கும் ஐஸுக்கும் செலவாகிவிட்டது" என்றால், அங்கேயே கணக்கு இடறுகிறது.

அடுத்து, எத்தனை சதவீதம் என்று பாருங்கள். பணம் வருவதற்கு முன் கம்பெனி மதிப்பு 4 கோடி, திரட்டுவது 50 லட்சம் என்றால், உங்கள் 10 லட்சத்துக்கு 2.22 சதவீதம். பிறகு பெரிய முதலீட்டாளர் 8 கோடி போட்டு 20 சதவீதம் எடுத்தால் உங்களுடையது 1.78 ஆகும். பெரும்பாலானோர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பெரியவரின் ஒப்பந்தத்தில் 'போட்ட பணம் முதலில் எனக்கு' என்ற முன்னுரிமை இருக்கும். கம்பெனி 8 கோடிக்கு விலைபோனால் மொத்தமும் அவருக்கே போய்விடும். 8 கோடியில் 1.78 சதவீதம் என்று தாளில் 14 லட்சமாகத் தெரிந்த உங்கள் பங்குக்குக் கைக்கு வருவது பூஜ்யம். அதனால் சாதாரணப் பங்கு வாங்காதீர்கள். பின்னால் கட்டாயமாகச் சாதாரணப் பங்காக (ஈக்விட்டியாக) மாறும் முன்னுரிமைப் பங்காக, அதாவது சி.சி.பி.எஸ்.-ஆகக் கேளுங்கள். பின்னால் வருபவர்களோடு சமமாகப் பணம் திரும்பும் என்ற வரியையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். நட்பு கெடும் என்று தயங்காதீர்கள். எழுதாமல் விட்டதால் கெட்ட நட்புகள்தான் அதிகம்.

இப்படிப் போட்ட பணத்துக்கு வரி எவ்வளவு?
– வாசகி, கொளத்தூர்

பட்டியலாகாத பங்கை 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், லாபத்தில் 12.5 சதவீதம், செஸ் தனி. அதற்குள் விற்றால் உங்கள் வருமான அடுக்கின்படி. நஷ்டம் வந்தால் கணக்கில் காட்டி, குறித்த தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்யுங்கள். அப்போதுதான் எட்டு வருஷம் வரை பிற மூலதன லாபத்தில் கழித்துக்கொள்ளலாம்; 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து வந்த நஷ்டம் என்றால் நீண்டகால மூலதன லாபத்தில் மட்டும்தான்.