எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஆனால் கால் வலிக்கிறது: தேர்வுக்காகத் தொடர்ந்து ஓடலாமா?

கேள்வி: எனக்கு வயது 20. ராணுவத்தில் சேர உடற்தகுதித் தேர்வுக்குத் தயாராகிறேன். இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது. 2.4 கி.மீ. ஓட்டத்தில் தேவையான நேரத்தைவிட 40 விநாடி அதிகமாகிறது. அதனால் ஒரு மாதமாகத் தினமும் ஓடுகிறேன். வாரத்தில் மூன்று நாள் முதுகில் பையைச் சுமந்துகொண்டு ஓடுகிறேன். எடை குறையச் சாப்பாட்டையும் பாதியாக்கிவிட்டேன். இரண்டு வாரமாக வலது முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்பக்கம் வலி. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிறேன். தொடரலாமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: வேண்டாம். ஓட்டத்தை இன்றே நிறுத்துங்கள். ஏழு வாரம்தான் இருக்கும்போது இதைக் கேட்க எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் நான்கு விஷயங்கள் சேர்ந்து எனக்குக் கவலை தருகின்றன: திடீரென்று கூட்டிய ஓட்டம், முதுகில் சுமை, பாதிச் சாப்பாடு, வலியை மறைக்கும் மாத்திரை.

முதலில் எக்ஸ்ரே. அதில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் எலும்பு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. ஓட்டத்தால் எலும்பில் விழும் மெல்லிய விரிசல், அதாவது ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், முதல் இரண்டு மூன்று வாரங்களில் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது. எலும்பு ஆறத் தொடங்கி, புது எலும்பு படிந்த பிறகுதான் கண்ணுக்குப் படும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அதற்கு வெகு முன்பே காட்டிவிடும்.

இது படைகளோடு பிறந்த நோய் என்றே சொல்லலாம். நீண்ட அணிவகுப்புக்குப் பிறகு பாதம் வீங்கி வலித்த வீரர்களைப் பற்றி 1855-லேயே பிரஷ்யப் படை மருத்துவர் பிரைட்ஹாப்ட் எழுதியிருக்கிறார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதே 1895-ல்தான். அந்த வலிக்குக் காரணம் எலும்பு விரிசல் என்பது அதற்குப் பிறகுதான் உறுதியானது. இன்றைக்கும் அதை 'மார்ச் ஃப்ராக்சர்', அதாவது அணிவகுப்பு விரிசல், என்கிறோம். புதிதாகப் பயிற்சிக்கு வருபவர்களிடம் இந்த விரிசல் அதிகம் வருவது, உங்களுக்கு வலிக்கும் அதே கணைக்கால் எலும்பில்தான். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக வருகிறது.

ஏன் வருகிறது? எலும்பு சும்மா கிடக்கும் பொருள் இல்லை. புதிய பாரம் விழுந்தால், பழைய எலும்பை அரித்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் உறுதியான எலும்பைக் கட்டும். அரிக்கும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். கட்டும் வேலைக்கோ சில மாதங்கள் பிடிக்கும். தசையும் மூச்சும் மூன்று நான்கு வாரத்தில் தேறிவிடுவதால், 'இன்னும் ஓடலாம்' என்று உடம்பே சொல்வதுபோல் இருக்கும். அந்தச் சமயத்தில்தான் எலும்பு பலவீனமாக இருக்கிறது. நீங்கள் இப்போது இருப்பது சரியாக அந்த இடத்தில்.

வலி எல்லாமே விரிசல் அல்ல. எலும்பின் உள் ஓரம் முழுக்க, நான்கு விரல் அகலத்துக்கும் மேல் பரவலாக வலித்து, ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் குறைந்தால், அது பெரும்பாலும் 'ஷின் ஸ்ப்லிண்ட்' எனப்படும் எலும்பு உறை அழற்சி. ஒரு விரலால் தொட்டு 'இங்கேதான்' என்று காட்ட முடிந்தால், ஓட ஓட வலி கூடினால், நடக்கும்போதோ இரவில் படுத்திருக்கும்போதோ வலித்தால், விரிசலாக இருக்கலாம். நீங்கள் வலி மாத்திரை போட்டுக்கொண்டிருப்பதால் இந்த வித்தியாசம் உங்களுக்கே தெரியாமல் போயிருக்கும். மாத்திரையை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எக்ஸ்ரே எடுத்த விவரத்தைச் சொல்லி, எம்.ஆர்.ஐ. தேவையா என்று நீங்களே கேளுங்கள்.

அப்புறம் சாப்பாடு. ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள், ஆனால் என்னை அதிகம் உறுத்துவது அதுதான். தினமும் ஓடிக்கொண்டு பாதி சாப்பிட்டால், உடம்பு மிச்சம் பிடிக்கப் பார்க்கும். முதலில் கை வைப்பது ஹார்மோன்களில். ஈஸ்ட்ரோஜன் குறையும், மாதவிலக்கு தள்ளிப்போகும் அல்லது நின்றுவிடும், எலும்பு தேயத் தொடங்கும். உங்களுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? 'பயிற்சி செய்தால் அப்படித்தான்' என்று யாராவது சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வைட்டமின் டி அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்று முதல் முழுச் சாப்பாடு. எடைக் குறைப்பு பிறகு பார்க்கலாம்.

சரி, 40 விநாடிக்கு என்ன வழி? வலி இல்லாமல் முடிந்தால் சைக்கிள் மிதியுங்கள், அல்லது நீச்சல் குளத்தில் கால் தரையில் படாமல் ஓடுங்கள். நான்கு நிமிடம் வேகமாக, மூன்று நிமிடம் மெதுவாக என்று நான்கு முறை; வாரத்தில் இரண்டு நாள் போதும். இதயமும் நுரையீரலும் இதிலேயே வலுப்படும். தண்டால், வயிற்றுப் பயிற்சி எல்லாம் தொடரலாம். அதிகம் ஓடினால்தான் வேகம் வரும் என்பதும் தவறு. பயிற்சி முகாம்களிலேயே ஓடும் தூரத்தைக் குறைத்துப் பார்த்தபோது காயங்கள் நன்றாகக் குறைந்தன. ஓட்ட நேரம் பெரிதாகக் கெடவில்லை.

வந்திருப்பது எலும்பு உறை அழற்சி மட்டும் என்றால், இரண்டு மூன்று வாரத்தில், ஒரு நிமிடம் ஓட்டம் ஒரு நிமிடம் நடை என்று ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்கலாம். அடியைச் சற்றுக் குட்டையாக வைத்து, நிமிடத்துக்கு எடுக்கும் அடிகளைக் கூட்டினால் எலும்பில் விழும் பாரம் குறையும். பையைச் சுமந்து ஓடுவதை மட்டும் அறவே விட்டுவிடுங்கள். தேர்வு சுமையில்லாத ஓட்டம்தானே? ஸ்கேனில் விரிசல் உறுதியானால், மறுபடி ஓடத் தொடங்கவே ஆறு முதல் எட்டு வாரமாவது ஆகும். அப்படியென்றால் இந்தத் தேர்வை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் வழி. உங்களுக்கு 20 வயதுதான் ஆகிறது. விரிசலோடு ஓடி எலும்பு முழுதாக முறிந்தால், அறுவை சிகிச்சை வரை போகலாம். அதன் பிறகு மருத்துவப் பரிசோதனையில் தேறுவதே சிரமமாகிவிடும்.

கடைசியாக ஒன்று. மருத்துவரைப் பார்ப்பதற்குள் கவட்டையிலோ தொடையின் மேல்பகுதியிலோ, கால் ஊன்றும்போது புதிதாக வலி வந்தால், அது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி விரிசலாக இருக்கலாம். அந்தக் காலை ஊன்றாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.