ஆஃப்ரோஃபியூச்சரிசம் படிக்க ஆசைப்படும் மகளும் வீட்டுப் பத்திரமும்

வணக்கம் அம்மா. மகள் பி.ஏ. ஆங்கிலம் கடைசி வருஷம். அமெரிக்கா போய் ஆஃப்ரோஃபியூச்சரிசம், அதாவது கறுப்பின மக்கள் இசையிலும் ஓவியத்திலும் தங்கள் எதிர்காலத்தைக் கற்பனை செய்யும் கலை, அதில் பாலினம் என்று எம்.ஏ. படிக்கப் பிடிவாதமாக நிற்கிறாள். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கடன் வேண்டாம். ஆனால் அவள் அந்தப் பாடத்தை விடவும் வேண்டாம்.

"விண்வெளி உடுப்பு போட்டுப் பாடுகிறவர்களைப் பற்றி ஒரு படிப்பா?" என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டாராம். அந்த உடுப்பில்தான் விஷயமே இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலில் அடைத்துக் கொண்டுவரப்பட்டு, பெயரும் ஊரும் பறிக்கப்பட்ட மக்களின் வாரிசுகளுக்கு, மற்றவர்கள் கற்பனை செய்த எதிர்காலத்தில் இடமே இல்லை. அதனால் தாங்களே ஓர் எதிர்காலத்தை உண்டாக்கினார்கள். அலபாமாவில் 1914-இல் பிறந்த சன் ரா, தான் சனிக்கிரகத்துக்காரன் என்று சொல்லி ஜாஸ் குழு நடத்தினார். 1970-களில் பாடகர் ஜார்ஜ் கிளின்டன் மேடையிலேயே விண்கலத்தை இறக்கினார்.

உங்கள் மகளைப் பிடித்து வைத்திருப்பது இதில் பெண்கள் செய்த வேலை என்று நினைக்கிறேன். ஒரே மாதிரி கவுன் போட்டுப் பாடிய பெண்கள் குழு ஒன்று, 1970-களில் லபெல் என்று பெயர் மாற்றி, வெள்ளி நிற விண்வெளி உடையில் வந்து நின்றது. அமெரிக்க இசைக்கலைஞர் ஜெனல் மோனே, 2007 முதல் சிண்டி மேவெதர் என்ற மனித உருவ ரோபோவாகப் பாடினார். மனிதனைக் காதலித்ததற்காக வேட்டையாடப்படும் ரோபோ அது. அடிமைமுறையில் கறுப்பினப் பெண்ணின் உடல் விலைபேசப்பட்ட சொத்து. அதை மனதில் வைத்துக் கேட்டால், உரிமையாளன் உள்ள ஓர் இயந்திரம் காதலிப்பது எவ்வளவு பெரிய மீறல் என்று புரியும். கென்யாவின் நைரோபியில் பிறந்த ஓவியர், சிற்பி வாங்கேச்சி முட்டு, மருத்துவப் படங்களையும் ஃபேஷன் பத்திரிகைகளையும் வெட்டி ஒட்டி, யாரும் சொந்தம் கொண்டாட முடியாத பெண் உடல்களை உருவாக்கினார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் முகப்பில் 1902 முதல் காலியாகக் கிடந்த மாடங்களில், 2019-இல் அவருடைய நான்கு வெண்கலப் பெண்கள் அமர்ந்தார்கள். இது பொழுதுபோக்குப் படிப்பு இல்லை அம்மா.

வேலை? இந்தப் பாடத்தின் பெயரைப் போட்டு விளம்பரம் வராது. பேராசிரியர் பணி, அருங்காட்சியகம், ஆவணக்காப்பகம், ஆடை வடிவமைப்பு, கலை விமர்சனம் என்று ஏதாவது ஒரு தொழில் தெரிந்தவர்களுக்குத்தான் இடம். கற்பனையான ஆப்பிரிக்க நாடு ஒன்றைக் காட்டும் 'பிளாக் பாந்தர்' படத்தின் உடைகளுக்காக ரூத் கார்ட்டர் 2019-இல் ஆஸ்கர் வாங்கியதற்குப் பின்னால், முப்பது வருஷத் தையல்கூட அனுபவமும் ஆராய்ச்சியும் இருக்கின்றன. இந்தத் துறையை வளர்த்த சமூகவியலாளர் அலோண்ட்ரா நெல்சன், பின்னாளில் வெள்ளை மாளிகையின் அறிவியல் கொள்கை அலுவலகத்துக்குத் தற்காலிகத் தலைவராக இருந்தார்.

இப்போது பணக் கணக்கு. அமெரிக்காவில் கலைப் பாடங்களின் எம்.ஏ.வுக்குப் பெரும்பாலும் கைக்காசுதான். நல்ல பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி.க்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாத உதவித்தொகையும் தருவார்கள். படிப்பு முடிந்ததும் வேலை பார்க்கக் கிடைக்கும் அனுமதி 12 மாதம். கூடுதல் 24 மாதம் அறிவியல், பொறியியல் போன்ற துறைகளுக்கு மட்டும். பன்னிரண்டு மாதத்தை நம்பி வீட்டை அடகு வைக்காதீர்கள். மூன்று வருஷ பி.ஏ.வை ஏற்காத பல்கலைக்கழகங்களும் அங்கே உண்டு.

எனவே எம்.ஏ. இங்கேயே, பிஎச்.டி.க்கு அங்கே. ஜே.என்.யூ.வில் கலை மற்றும் அழகியல் பள்ளி, பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு அல்லது அருங்காட்சியகவியல். அருங்காட்சியகவியல் எனக்கு இன்னும் பிடித்த தேர்வு, ஏனென்றால் கையில் ஒரு தொழில் நிற்கும். கூடவே கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வும் எழுதட்டும். அதில் மகளிரியல் தனிப் பாடமாகவே இருக்கிறது.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள்: படமும் பாட்டும் பார்த்து வந்த ஆர்வம் தேர்வுக்குழுவுக்குப் போதாது. அடிமைமுறை, கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டம், கறுப்பினப் பெண்ணியம் ஆகியவற்றை முறையாகப் படித்துவிட்டு, முட்டுவின் ஒரே ஒரு படைப்பை எடுத்துக்கொண்டு இருபது பக்கம் எழுதட்டும். பிஎச்.டி. விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடிந்துவிடும், எம்.ஏ. முதல் வருஷமே அந்தக் கட்டுரையைத் தொடங்கினால்தான் நேரம் சரியாக இருக்கும்.