மிஹ்ராப் எழுத்தை வெட்டக் கொடுப்பதற்கு முன்

கேள்வி: எங்கள் பள்ளிவாசலைப் புதுப்பிக்கிறோம். மிஹ்ராபுக்கு (தொழுகைத் திசையைக் காட்டும் சுவர் மாடம்) மேலே ஆயத்துல் குர்ஸி என்ற குர்ஆன் வசனத்தை அக்ரிலிக்கில் வெட்டி ஒட்ட ஒருவர் கம்ப்யூட்டர் டிசைன் கொண்டுவந்திருக்கிறார். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. இது போதுமா, கையால் எழுதுபவரைத்தான் தேட வேண்டுமா?

பதில்: கம்ப்யூட்டரில் செய்தது என்பதற்காக ஒதுக்க வேண்டாம். ஆனால் "இதை எழுதியது யார்?" என்று முதலில் கேளுங்கள். தாஜ்மஹாலில் குர்ஆன் வசனங்களை எழுதிய அமானத் கான் தன் பெயரையும் சேர்த்துப் பொறித்திருக்கிறார். உங்களிடம் வந்தவர் "துருக்கி ஒர்க்" என்பதோடு நிறுத்திக்கொண்டால், இணையத்தில் எடுத்த படத்தை அப்படியே தடம் பிடித்து விற்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடைத்தரகர்கள் செய்யும் பெரிய கேடு, சுவர் அகலத்துக்கு எழுத்தைப் பக்கவாட்டில் இழுப்பது. ஸுலுஸ் என்ற வளைவான அரபு எழுத்து வகையில், அலிஃப் என்ற முதல் எழுத்தின் உயரம்கூட பேனா முனை வைக்கும் புள்ளியைக் கொண்டுதான் அளக்கப்படுகிறது. 940-இல் இறந்த எழுத்துக் கலைஞர் இப்னு முக்லா வகுத்ததாகச் சொல்லப்படும் முறை இது. இழுத்தால் அந்த அளவு போய்விடும். இடம் போதவில்லை என்றால் வசனத்தைச் சின்னதாக எடுங்கள். துருக்கியில் மிஹ்ராபுக்கு மேல் குர்ஆனின் ஆல இம்ரான் அத்தியாயம் 37-ஆம் வசனத்திலிருந்து, ஸகரிய்யா நபி மிஹ்ராபுக்குள் (அங்கே தொழுகை அறை என்ற பொருளில்) வருவதைச் சொல்லும் சிறு பகுதியை மட்டும் எழுதுவது பழைய வழக்கம்.

அதைவிட முக்கியம் வாசகம். அரபு வராத பழைய மென்பொருளில் ஒட்டினால் எழுத்துகள் பிரிந்து, இடமிருந்து வலமாகத் திரும்பிவிடும், டிசைனருக்கு அது தெரியவே தெரியாது. வெட்டும்போது புள்ளிகள் தனித்தனித் துண்டாக விழும், குப்பையோடு போய்விடும். கீழே ஒரு புள்ளி இருந்தால் பா, மேலே இரண்டு இருந்தால் தா, மூன்று இருந்தால் ஸா. ஒன்று விழுந்தால் அது வேறு சொல், அதுவும் அல்லாஹ்வின் வசனத்தில்!

ஒரு விலக்கு உண்டு. கட்டம் கட்டமாக அடுக்கும் சதுரக் கூஃபி என்ற எழுத்து வகையில் புள்ளி இல்லாமல் எழுதுவது வழக்கம்தான், பழைய கூஃபி முஸ்ஹஃப்களிலும் (குர்ஆன் பிரதிகளிலும்) புள்ளி மிகக் குறைவு, அது பிழை அல்ல. ஆனால் இதைத் தெரிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் "அது ஸ்டைல் பாய்" என்று சமாளிப்பார்கள். உங்கள் டிசைன் வளைந்து நெளிந்த ஸுலுஸா? அப்படியானால் ஒரு புள்ளிகூடக் குறையக் கூடாது. ஸுலுஸில் சொற்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவதும் வழக்கம்தான், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

மார்பிளுக்கும் சரவிளக்குக்கும் லட்சக்கணக்கில் ஒதுக்குகிற கமிட்டிகள் எழுத்துக்கு மட்டும் மூன்று கொட்டேஷன் வாங்கி மலிவானதைப் பிடிக்கிறார்கள். மதரஸாவில் எழுத்துக்கலைக்கு ஒரு பீரியட் கிடையாது, அப்புறம் பிழையை யார் கண்டுபிடிப்பது?

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். முழு அளவில் காகிதத்தில் பிரிண்ட் எடுத்து குர்ஆனை முழுக்க மனனம் செய்த ஒரு ஹாஃபிழிடம் கொடுங்கள். மனப்பாடம் இருப்பதால் அவர் கண் பிழையைத் தாண்டிப் போய்விடும். அதனால் முஸ்ஹஃபைத் திறந்து வைத்து, கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு சொல்லாகப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அந்தக் காகிதத்தில் கையெழுத்து வாங்கி, அதன்படி வெட்டச் சொல்லுங்கள். ஒட்டியபின் சாரம் பிரிப்பதற்கு முன்னால் அவரையே இன்னொரு முறை மேலே ஏற்றிப் பார்க்க வையுங்கள். அதுவரை மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.