வெள்ளெழுத்தும் கைத்துப்பாக்கியும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வட கரோலினாவில் ராலே அருகே வசிக்கிறேன். மென்பொருள் வேலை, வயது 53. பத்து ஆண்டுகளுக்கு மேலாக வார இறுதிகளில் ரேஞ்சுக்குப் போய்க் கைத்துப்பாக்கி சுட்டுவருகிறேன். வேட்டை, போட்டி எதுவும் கிடையாது. காகித இலக்கோடு சரி. ஆரம்பத்தில் ஆசைப்பட்டு வாங்கியது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 29 ரிவால்வர், பெரிய .44 மேக்னம் தோட்டா போடுவது. இப்போது அதைப் பெட்டியிலிருந்து எடுக்கவே தயக்கமாக இருக்கிறது. இரண்டு முறை நிரப்பிச் சுட்டாலே மணிக்கட்டு வலிக்கிறது. அதைவிட, குழல் நுனியில் இருக்கும் முன்குறி மங்கலாகத் தெரிகிறது. எங்கள் கிளப்பில் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் மிகச் சிறிய தோட்டா போடும் .22 பிஸ்டலைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. ஒரு காலத்தில் அவரிடமும் பெரிய துப்பாக்கிகள் இருந்தனவாம். கடைக்காரர் “வயதாகிறது, சின்ன ரிவால்வராக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்” என்கிறார். நண்பர்களோ .22ஐப் பிள்ளைகள் விளையாட்டு என்று சிரிக்கிறார்கள். வயதானால் எல்லோரும் சிறியதை நோக்கித்தான் போவார்களா? என் .44ஐ விற்றுவிடலாமா?

ச.

*

அன்புள்ள ச.,

கடைக்காரரிடமிருந்து தொடங்குகிறேன். அவர் பேச்சைக் கேட்டு நீங்கள் பணத்தைக் கட்டிவிடுவீர்களோ என்று கவலையாக இருக்கிறது. முதியவர்களுக்குச் சின்ன ரிவால்வர் என்பது அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் தலைமுறை தலைமுறையாக ஓதப்படும் மந்திரம். பிஸ்டலைப்போலத் தோட்டாக்களை அடுக்கும் மேகசின் இல்லை, மேலே நகரும் ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்க வேண்டாம், ஐந்து தோட்டாக்களைப் போட்டு விசையை அழுத்தினால் போதும் என்பார்கள். அந்த விசையை அழுத்துவதில்தான் சிக்கலே இருக்கிறது. தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் முன்கூட்டியே பின்னுக்கு இழுத்து வைக்காவிட்டால், ஒற்றை ஆள்காட்டி விரல்தான் சுத்தியலையும் தூக்க வேண்டும், தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டரையும் சுழற்ற வேண்டும். சின்ன ரிவால்வர்களில் அதற்கு 5 கிலோவுக்கு மேல் இழுப்பு தேவைப்படும். பல மாடல்களில் சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதால் கட்டைவிரலின் உதவியும் கிடைக்காது. கைமூட்டுகள் தேயத் தொடங்கிய ஒருவருக்கு இதைப் பரிந்துரைப்பது என்ன கருணை என்று எனக்கு விளங்கவில்லை. போதாக்குறைக்கு, அலுமினியச் சட்டகம் கொண்ட அந்த ரகத்தின் எடை அரைக் கிலோகூட இருக்காது. .38 ஸ்பெஷல் தோட்டா வெடிக்கும்போது துப்பாக்கி பின்னுக்குத் தள்ளும் உதை முழுவதும் உள்ளங்கையில் இறங்கும். குழலும் குட்டை. குறிபார்க்க உதவும் முன்குறி, பின்குறி இரண்டும் அருகருகே இருப்பதால், கண்ணுக்குத் தெரியாத சிறு சாய்வுகூட இலக்கில் பெரிய விலகலாகிவிடும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிவதற்காகச் செய்யப்பட்ட பொருள் அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பெட்டி தோட்டாக்களைச் சுட்டு மகிழ்வதற்கு அதைவிட மோசமான தேர்வு அரிது.

மணிக்கட்டை முதலில் சொல்லிவிட்டு, “அதைவிட” என்று கண்ணுக்கு வந்தீர்கள். சரியான இடத்தில்தான் அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறீர்கள். துப்பாக்கியை மாற்றியவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் உதையையும் மூட்டுவலியையும்தான் காரணமாகச் சொல்வார்கள். கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கண் காலை வாரியிருக்கும். குறி தவறத் தொடங்கியதும் சுடுவதில் ருசி குறைகிறது, ருசி குறைந்த பிறகு வலி பெரிதாகத் தெரிகிறது.

வெள்ளெழுத்து நாற்பதுகளில் எல்லோருக்கும் வருவதுதான். கண்ணின் லென்ஸ் இறுகி, அருகில் இருப்பவற்றின் மீது குவியும் திறனை இழக்கிறது. ஆனால் கைத்துப்பாக்கி சுடுபவருக்கு இது தனியான தண்டனை. பின்குறியின் பள்ளம், முன்குறி, இலக்கு என்று மூன்று தூரங்களில் மூன்று பொருள்கள். கண்ணால் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் குவிய முடியும். முன்குறியைத் துல்லியமாகப் பார், இலக்கு மங்கினால் மங்கட்டும் என்பதுதான் முதல் நாள் பாடம். நீட்டிய கையில் அந்த முன்குறி கண்ணிலிருந்து ஏறத்தாழ 70 செ.மீ. தொலைவில் இருக்கிறது. படிக்கும் கண்ணாடிக்கு அது எட்டம், தூரப் பார்வைக்குக் கிட்டம். பைஃபோகல் போட்டவர்கள் ரேஞ்சில் மோவாயை வானத்தை நோக்கித் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாக முன்குறியைத் தேடுகிறார்கள். அடுத்த நாள் கழுத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

உங்களுக்கு ஒரு வசதி உண்டு. மென்பொருள்காரர், 53 வயது என்றால் கணினித் திரைக்கென்று தனிக் கண்ணாடி வைத்திருக்க வாய்ப்பு அதிகம். திரையின் தூரமும் முன்குறியின் தூரமும் ஏறத்தாழ ஒன்றுதான். சாதாரண லென்ஸ் தோட்டாச் சிதறலைத் தாங்காது என்பதால், அதே பவரில் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று செய்துகொள்ளுங்கள். குறிபார்க்கும் கண்ணுக்கு மட்டும் அந்தப் பவரைப் போட்டு, மற்றதில் தூரப் பவரை வைத்துக்கொள்பவர்களும் உண்டு. கண் மருத்துவரிடம் போகும்போது தூரத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள், துப்பாக்கியைக் கொண்டுபோகாதீர்கள். சொல்ல வேண்டியதில்லைதான், ஆனால் அமெரிக்காவில் சொல்லிவைப்பது நல்லது. புரை அறுவை செய்துகொள்ளும் வயதில் உள்ளவர்கள், உள்ளே வைக்கும் லென்ஸ் எந்தத் தூரத்துக்கு என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிக்கொள்ளலாம். அறுவைக்குப் பிறகு பேசிப் பயனில்லை.

கண்ணாடி போதாதபோது துப்பாக்கியே மாறுகிறது. முதலில் கறுப்பு முன்குறி போய், பச்சையாகவோ சிவப்பாகவோ ஒளிரும் கண்ணாடி இழைக் குறி வரும். பிறகு குட்டைக் குழல் போய் நீளக் குழல் வரும். முன்குறி கண்ணிலிருந்து இன்னும் சற்றுத் தள்ளிப்போவதால் அதுவும் ஒரு உபகாரம். கடைசியில், சிறு கண்ணாடியில் சிவப்பு ஒளிப்புள்ளி காட்டும் சிவப்புப் புள்ளிக் குறி. ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் 1975இல் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்தப் பொருள், இன்று கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கிப் பிஸ்டலின் ஸ்லைடு மேலேயே உட்கார்ந்துவிட்டது. புள்ளி இலக்கின் தொலைவிலேயே மிதப்பதுபோலக் கண்ணுக்குத் தெரியும். மூன்று தூரங்கள் ஒன்றாகிவிடுகின்றன, வெள்ளெழுத்துக்கு வேலையே இல்லை. இளைஞர்களின் விளையாட்டுச் சாமான் என்று இதைப் பழிக்கும் கிழவர்களை எனக்குத் தெரியும். உண்மையில் அவர்களுக்காகவே செய்ததுபோல இருக்கிறது அது. ஒரு எச்சரிக்கை: உங்கள் கண்ணாடிச் சீட்டில் அஸ்டிக்மாடிசத்துக்கான சிலிண்டர் பவர் இருந்தால், புள்ளி ஒரு புள்ளியாகத் தெரியாது, வால்நட்சத்திரம்போல இழுத்துக்கொண்டு தெரியும். கடையில் ஒரு கைபேசிக் கேமரா வழியாக அதைப் பாருங்கள். கேமராவில் வட்டமாகத் தெரிந்தால் கோளாறு கண்ணில்தான்.

இனி கை. உங்கள் .44 மேக்னம் தோட்டா 1955இல் பிறந்தது. அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் போன்றவர்கள் கைத்துப்பாக்கியால் பெரிய விலங்குகளை வேட்டையாட வேண்டும் என்று விடாப்பிடியாகக் கேட்டு வாங்கிய தோட்டா. காகிதத்தில் துளை போடுவதற்கு அது தேவையே இல்லை. பத்து ஆண்டுகளுக்கு முன்பும் தேவைப்பட்டிருக்காது. அப்போது நீங்கள் ரசித்தது அந்தச் சத்தத்தையும் தீ நாக்கையும், பக்கத்து வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பதையும். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அந்த ரசனை உங்களுக்குத் தெரியாமல் ஒரு கெட்ட பழக்கத்தையும் கொடுத்திருக்கும். வெடிக்கப் போகிறது என்று உடம்புக்குத் தெரிந்ததால், விசை விடுபடுவதற்கு ஒரு கணம் முன்பே கை கீழே அமுங்கும். பெரிய உதை இந்தப் பழக்கத்தை மறைத்துவிடும். சோதித்துப் பார்க்க விரும்பினால், நண்பர் ஒருவரைச் சிலிண்டரில் நான்கை மட்டும் நிரப்பித் தரச் சொல்லுங்கள். எந்த அறை காலி என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. சுத்தியல் காலி அறையில் விழும்போது குழல் நுனி என்ன செய்கிறது என்று பாருங்கள்.

பெரியவர் .22க்குப் போனதன் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். .22 லாங் ரைஃபிள் 1887இலிருந்து இருக்கும் தோட்டா. உதை என்று சொல்லத்தக்க ஒன்று அதில் இல்லை. ஆகவே துளை எங்கே விழுந்தாலும் அது சுட்டவரின் கைவேலை, சாக்குச் சொல்ல முடியாது. சில சென்ட்டுகளில் ஒரு தோட்டா கிடைப்பதால், ஓய்வூதியத்தில் வாழ்பவரும் காலை முழுவதும் சுடலாம். நண்பர்கள் பிள்ளைகள் விளையாட்டு என்கிறார்களா? ஓஹையோவில் ஈரி ஏரிக்கரையில் உள்ள கேம்ப் பெர்ரியில் 1907 முதல் தேசியப் போட்டிகள் நடக்கின்றன. அங்கே நடக்கும் மரபான பிஸ்டல் போட்டியின் 2700 புள்ளிகளில் 900 புள்ளிகள் .22க்கு உரியவை. ஒற்றைக் கையில் பிடித்து, 50 கஜத்திலும் 25 கஜத்திலும் சுடுவது அதன் மரபு. சிரிக்கும் நண்பர்களில் ஒருவரை 50 கஜத்தில், ஒரு கையால், ஒரே ஒரு முறை முயன்று பார்க்கச் சொல்லுங்கள்.

உதையைக் கழித்துவிட்டால் வயது எவ்வளவு தூரம் பின்வாங்குகிறது என்பதற்கு 2024 பாரிஸ் ஒலிம்பிக்கே போதும். துருக்கியின் யூசுஃப் டிகேச் 51 வயதில், சாதாரண மூக்குக்கண்ணாடியோடு, ஒரு கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வாங்கினார். உலகம் அவர் நின்ற தோரணையைப் பேசியது, நான் வயதைப் பார்த்தேன். ஜார்ஜியாவின் நினோ சலுக்வாட்ஸே 1988 சியோலில் தங்கம் வென்றவர். பாரிஸில் அவருக்கு 55 வயது, அது அவருக்குப் பத்தாவது ஒலிம்பிக். வேறெந்த விளையாட்டில் இப்படி நடக்கும்? (இடையில் ஒரு தகவல்: ரத்த அழுத்தத்துக்குப் பல முதியவர்கள் சாப்பிடும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் சர்வதேசத் துப்பாக்கிப் போட்டிகளில் தடைசெய்யப்பட்டவை. இதயத்துடிப்பைக் குறைத்துக் கையை நிதானமாக்குகின்றன என்பதால். உங்கள் கிளப்பில் யாரும் கேட்க மாட்டார்கள்.)

.22 பிஸ்டல் வாங்குவதென்றால் விரல்களை மனதில் வைத்து வாங்குங்கள். ரூகர் நிறுவனம் 1949இல் தொடங்கியதே ஒரு .22 பிஸ்டலோடுதான். அதன் வம்சத்தில் முந்தைய தலைமுறைகளைத் துடைப்பதற்காகக் கழற்றியவர்கள், திரும்பப் பூட்ட முடியாமல் சாபமிட்டிருக்கிறார்கள். 2016இல் வந்த மார்க் 4இல் ஒரு பொத்தானை அழுத்தினால் துப்பாக்கி பிரிந்துகொள்ளும். ஆனால் அதைச் சுடத் தயாராக்க, பின்னால் உள்ள இரண்டு சிறு காதுகளைக் கிள்ளி இழுக்க வேண்டும். கட்டைவிரலின் அடிமூட்டு வலிப்பவர்களுக்கு அது தொல்லை, கடையிலேயே இழுத்துப் பாருங்கள். பெரிய தோட்டாவும் வேண்டும், ஸ்லைடும் இலகுவாக வேண்டும் என்றால், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2018இல் .380 அளவில் கொண்டுவந்த ஷீல்ட் ஈஸி இருக்கிறது. எந்தப் பிஸ்டலாக இருந்தாலும் ஸ்லைடை இழுப்பதைவிட, ஸ்லைடை இறுகப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை முன்னே தள்ளுவது எளிது. குழல் இலக்கைப் பார்த்தபடி இருக்கட்டும்.

காதுக்கு நீங்கள் என்ன போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. 140 டெசிபலைத் தாண்டும் ஒற்றை வெடிச்சத்தமே செவியைக் கெடுக்கும், .44 அதை வெகுவாகத் தாண்டும். கூரையுள்ள ரேஞ்ச் என்றால் உள்ளே அடைப்பான், மேலே காதுமூடி இரண்டும் வேண்டும். உட்செவியில் செத்த நுண்மயிர்ச் செல்கள் திரும்ப முளைப்பதில்லை.

விற்பது பற்றி. இப்போது வேண்டாம். மாடல் 29 முழு எஃகு, ஒன்றேகால் கிலோ அளவுக்குக் கனம். அதில் 1907இலிருந்து இருக்கும் .44 ஸ்பெஷல் தோட்டாவையும் போடலாம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் போட்டிருக்க மாட்டீர்கள். இளைஞர்கள் போடுவதில்லை. குண்டின் எடை ஏறத்தாழ அதேதான், வேகம் மட்டும் மிகக் குறைவு. அந்தக் கனத்த எஃகு அதன் உதையை விழுங்கிவிடும். சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்து வைத்துவிட்டு நிதானமாகச் சுடுங்கள், விசை லேசாக விடுபடும். பெரிய ரிவால்வர்களை விற்காமல் வைத்திருக்கும் முதியவர்கள் பலரின் ரகசியம் இதுதான். .357 மேக்னம் ரிவால்வர் வைத்திருப்பவர்கள் இதேபோல .38 ஸ்பெஷலுக்கு இறங்குகிறார்கள். அதிலும் தட்டை மூக்குக் கொண்ட வாட்கட்டர் குண்டுகளை விரும்புகிறார்கள். அவை காகிதத்தைக் கிழிக்காமல் வட்டமாக வெட்டியெடுக்கும், வெள்ளெழுத்துக் கண்ணுக்கும் துளை தெரியும். ஸ்பெஷல் தோட்டாவின் வெடிமருந்து நிரப்பிய கூடு குட்டை என்பதால் சிலிண்டர் அறைகளுக்குள் ஒரு கரி வளையம் படியும். மறுபடி மேக்னம் போடும் எண்ணம் வந்தால் முதலில் அதைத் தேய்த்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீளக் கூடு மாட்டிக்கொள்ளும்.

.44 ஸ்பெஷல் எல்லாக் கடைகளிலும் இருக்காது, கிடைத்தாலும் விலை அதிகம். அதனால்தான் இந்த வழிக்கு வருபவர்கள் காலிக் கூடுகளைப் பொறுக்கிச் சேர்த்து வீட்டிலேயே மருந்தும் குண்டும் வைத்து மறுநிரப்பத் தொடங்குகிறார்கள். உங்கள் பெரியவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் பரணில் ஒரு மறுநிரப்பும் கருவி தூசி படிந்து கிடக்கும் என்பது என் ஊகம்.