குழாயில் எரியும் தீ: இரண்டு படங்களில் எதை நம்புவது?

கேள்வி: அமெரிக்காவின் ஃப்ராக்கிங் பற்றிய 'ஃப்ராக்நேஷன்' (2013) ஆவணப்படம் பார்த்தேன். ஃப்ராக்கிங்கால் குடிநீர்க் குழாயில் தீ எரிவதாகக் காட்டிய 'கேஸ்லேண்ட்' (2010) படத்துக்கு அது மறுப்பு. மறுப்பு சரிதானா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: முதலில் 'ஃப்ராக்கிங்' என்ற சொல்லைப் பிடியுங்கள். பாதிச் சண்டை அதில்தான். எரிவாயு நிறுவனங்களுக்கு அது நீர், மணல், ரசாயனக் கலவையை உயர் அழுத்தத்தில் செலுத்தி, வாயு எடுக்கப் பாறையைப் பிளக்கும் சில நாள் வேலை மட்டும். ஊர்க்காரர்களுக்கோ துளையிடுவது முதல் கழிவுநீர் வரை எல்லாமே ஃப்ராக்கிங். பென்சில்வேனியா மாநிலத்தில் பிளக்கப்படும் பாறை ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அங்கிருந்து விரிசல் குடிநீர் மட்டம்வரை ஏறுவது மிக அரிது. இந்தக் குறுகிய பொருளில் மறுப்பு நிற்கும். ஆனால் வாயு ஏறும் வழி வேறு: எரிவாயுக் கிணற்றின் இரும்புக் குழாய்க்கும் பாறைக்கும் நடுவே ஊற்றும் சிமென்ட் சரியாகப் பிடிக்காவிட்டால், இடைப்பட்ட அடுக்குகளின் வாயு அந்த இடுக்கு வழியே மேலே வந்துவிடும். "ஃப்ராக்கிங்கால் அல்ல" என்பது உண்மையாக இருக்கும்போதே அண்டை வீட்டுக் குடிநீர்க் கிணறும் கெட்டிருக்கலாம்.

அடுத்து, தீ. கொலராடோ மாநில எண்ணெய், எரிவாயு ஆணையம் 'கேஸ்லேண்ட்' காட்டிய மூன்று குடிநீர்க் கிணறுகளை ஆராய்ந்தது. இரண்டில் இருந்தது நிலத்தடியில் இயற்கையாகவே நுண்ணுயிர்கள் உண்டாக்கிய மீத்தேன் வாயு. மூன்றாவதில் அதனுடன் ஆழத்து வாயுவும் கலந்திருந்தது. முதல் இரண்டை மட்டும் சொன்னால் ஒரு படம், மூன்றாவதை மட்டும் சொன்னால் இன்னொரு படம்!

இரண்டு வாயுவையும் பிரித்தறிய, மீத்தேனில் கார்பன்-13 (சற்றுக் கனமான கார்பன் வகை) ஒரு பொது அளவுகோலைவிட ஆயிரத்தில் எவ்வளவு குறைவு என்று பார்ப்பார்கள். மைனஸ் 60க்குக் கீழே போனால் பெரும்பாலும் நுண்ணுயிர் வாயு. மைனஸ் 50க்கு மேலே இருந்து, எத்தேன் என்ற இன்னொரு வாயுவும் கணிசமாக இருந்தால் ஆழத்து வாயு. ஆழத்து வாயுவும் தானாகவே கசிந்து வரக்கூடும் என்பதால், துளையிடும் முன்பே எடுத்த நீர்ப் பரிசோதனை இல்லாமல் எந்தத் தரப்பும் ஒரு கிணற்றைப் பற்றி உறுதியாகச் சொல்வது கடினம். படத்தில் அந்த 'முன்' அறிக்கை காட்டப்படுகிறதா என்று பாருங்கள்.

தேதியும் முக்கியம். இந்தச் சர்ச்சையில் அடிபடும் பென்சில்வேனியாவின் டிமாக் ஊர் நீரில் மேல்நடவடிக்கை தேவையில்லை என்று அமெரிக்க மத்தியச் சுற்றுச்சூழல் முகமை 2012இல் சொன்னது. ஆனால் 2022இல் அங்கு துளையிட்ட நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் எதிர்த்து வாதாடாமலும் பொதுக் குடிநீர்க் குழாய்க்குப் பணம் தர ஒப்புக்கொண்டது. அதே முகமை 2015 வரைவறிக்கையில் "பரவலான பாதிப்புக்குச் சான்றில்லை" என்ற பொருளில் எழுதிய வரியை 2016 இறுதி அறிக்கையில் நீக்கிவிட்டது. 2012க்குப் பின் நடந்த இவை 2013 படத்தில் இருக்க முடியாது.

பணம் யாருடையது என்பதைக் கடைசியில் கேளுங்கள். 'ஃப்ராக்நேஷன்' கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் இணையதளத்தில் பொதுமக்களிடம் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது; அதனால் அதன் வாதம் பலப்படவும் இல்லை, பலவீனப்படவும் இல்லை.