அனானிமஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இணையான சொற்கள் எவை? அன்றாடம் அதை எப்படிப் பயன்படுத்துவது?

அகராதியைப் புரட்டினால் அனானிமஸ் என்பதற்கு நேராக நேம்லெஸ், அன்நோன், அன்ஐடென்டிஃபைடு, இன்காக்னிட்டோ என்று ஒரு வரிசையே நிற்கும். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்துக்கொள்ளலாம் என்று நம்பித்தான் பலரும் இடறுகிறார்கள். மொழிபெயர்ப்புகளைத் திருத்துவது என் வேலை. இந்தச் சொற்கள் வரும் இடத்திலெல்லாம் நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி: பெயரை மறைத்தது யார்?

அனானிமஸ் கிரேக்க வேரிலிருந்து வந்தது, நேர்ப்பொருள் 'பெயரற்ற'. இன்றைய புழக்கத்தில் அந்த ஆளுக்குப் பெயர் உண்டு, செய்த செயலோடு அதைச் சேர்க்கவில்லை, அவ்வளவே. அதனால்தான் கடிதம், நன்கொடை, புகார், துப்பு போன்றவற்றோடு இந்தச் சொல் அதிகம் வருகிறது. செய்திகளில் அடிக்கடி வரும் 'ரிமெய்ன் அனானிமஸ்' என்ற தொடருக்குப் 'பெயர் வெளியிட விரும்பாத' என்று நம் நாளிதழ்கள் எழுதுவது மிகப் பொருத்தமானது. அந்த 'விரும்பாத' என்பதில்தான் சொல்லின் உயிர் இருக்கிறது.

அன்ஐடென்டிஃபைடு அப்படியல்ல. மோதிவிட்டு நிற்காமல் போன வாகனத்தை 'அடையாளம் தெரியாத வாகனம்' என்கிறோம். தேடுபவருக்கு இன்னும் தெரியவில்லை, நாளை தெரியலாம். யாரென்று தெரியாத சடலத்தை அனானிமஸ் என்று எழுதினால், இறந்தவரே பெயரை மறைத்துக்கொண்டார் என்ற தொனி வந்துவிடும். அன்ஐடென்டிஃபையபிள் இன்னும் ஒரு படி மேலே: தீயில் உருக்குலைந்து, பார்த்து அடையாளம் காணவே முடியாத நிலை. 'தெரியாத' என்பதற்கும் 'காண முடியாத' என்பதற்கும் உள்ள தூரத்தைச் செய்தி எழுதுபவர்கள் கைவிடவே கூடாது. உறவினரைத் தேடிக்கொண்டிருக்கும் ஒருவர் அந்த வரியைப் படிக்கக்கூடும்.

அதிகம் குழப்பப்படும் சொல் சூடானிமஸ், அதாவது புனைபெயரில் இயங்குவது. இணையத்தில் மட்டுமே புழங்கும் மின்பணமான பிட்காயினை விளக்கும் கட்டுரை 2008இல் சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் வெளிவந்தது. அது யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. அவரை அனானிமஸ் என்று எழுதுகிறார்கள்; ஆனால் அங்கே ஒரு பெயர் இருக்கிறது, அந்தப் பெயருக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. பிட்காயினும் அப்படித்தான். பரிமாற்றங்கள் அனைத்தும் யாரும் பார்க்கக்கூடிய பேரேட்டில், ஆள்பெயர் இல்லாமல், எழுத்தும் எண்ணும் கலந்த முகவரிகளின் பெயரில் பதிவாகின்றன. ஒரு முகவரி இன்னாருடையது என்று தெரிந்துவிட்டால், அதன் வழியாக நடந்த பழைய கணக்கெல்லாம் அவர்மேல் வந்து நிற்கும். உண்மையிலேயே அனானிமஸ் என்றால் இப்படிப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போக ஒரு நூலிழையும் இருக்காது.

இன்காக்னிட்டோ பயணத்துக்கும் நடமாட்டத்துக்கும் உரிய சொல்: புகழ்பெற்றவர் தம்மைக் காட்டிக்கொள்ளாமல் கூட்டத்தில் கலந்து போவது. பிரவுசரில் இருக்கும் அதே பெயருள்ள வசதி, உங்கள் கருவியில் தேடல் வரலாறு தங்காமல் பார்த்துக்கொள்ளும். இணையச் சேவை தருபவரிடமிருந்து உங்களை மறைக்காது. நேம்லெஸ் என்பது உணர்ச்சிகளோடும் வரும். நேம்லெஸ் ஃபியர் என்றால் 'இனம்புரியாத பயம்'. இதைவிட நல்ல தமிழ் எனக்குத் தெரியாது. ஃபேஸ்லெஸ், யாரிடம் போய்க் கேட்பது என்றே புரியாத நிர்வாகத்தைக் குறை சொல்லும் சொல்.

தமிழில் எழுதும்போது 'அநாமதேய' என்பதைப் பார்த்துப் பயன்படுத்துங்கள். அதில் சந்தேகத்தின் வாடை உண்டு. அநாமதேய அழைப்பு என்றால் மிரட்டல்தான் நினைவுக்கு வரும். மொட்டைக் கடிதம் அதைவிடக் கடுமை. கையெழுத்தில்லாமல் கோள்மூட்டும் கடிதம். கோடி ரூபாய் கொடுத்துவிட்டுப் பெயர் வேண்டாம் என்றவரை 'அநாமதேய நன்கொடையாளர்' என்று எழுதுவது அவருக்குச் செய்யும் அநீதி.

பெயர் தெரியாத கவிஞர்களை நம் முன்னோர் நடத்திய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்கிலத் தொகுப்புகளில் 'அனான்' என்ற சுருக்கம் பாட்டின் அடியில் நிற்கும். குறுந்தொகையிலோ, செம்மண்ணில் பெய்த மழைநீரை உவமையாக்கியவர் செம்புலப்பெயனீரார் ஆனார். அணில் விளையாடும் முற்றத்தைப் பாடியவர் அணிலாடு முன்றிலார். பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்து, மரியாதை விகுதியும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். இவர்களை அனானிமஸ் என்று ஆங்கிலத்தில் குறிப்பிடலாம், பிழையில்லை. ஆனால் மனம் ஒப்பவில்லை.

அன்றாடத்தில் உங்களுக்கு உண்மையாகவே உதவும் வேறுபாடு ஒன்று உண்டு. அலுவலகத்தில் கருத்துக் கேட்கும் படிவம் வந்தால், அது அனானிமஸா, கான்ஃபிடென்ஷியலா என்று பாருங்கள். முன்னது என்றால், எழுதியது யார் என்று படிவத்தைத் திரட்டுபவருக்கே தெரியக்கூடாது. பின்னது என்றால் அவருக்குத் தெரியும், வெளியே சொல்லமாட்டார். மேலே அனானிமஸ் என்று போட்டுவிட்டு உள்ளே பணியாளர் எண்ணைக் கேட்டால், அந்தத் தலைப்பை நம்பி மனதிலிருப்பதைக் கொட்டிவிடாதீர்கள்.