பிளாஸ்டிக் மூடிக்குச் சொந்தமாக அச்சு செய்ய ஏன் லட்சக்கணக்கில் ஆகிறது? இஞ்செக்‌ஷன் மோல்டிங் எப்படி நடக்கிறது?

மார்த்தாண்டத்தில் தேன் விற்கும் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "பாட்டில் மூடியில் எங்கள் பெயர் பொறித்து வர வேண்டும். சாதாரண மூடி ஓரிரு ரூபாய்க்குக் கடையில் கிடைக்கிறது. எங்களுக்கென்று செய்யச் சொன்னால் அச்சுக்கே இரண்டு மூன்று லட்சம் கேட்கிறார்கள். பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றுவதற்கு எதற்கு இவ்வளவு?"

நான் நாகர்கோவில் பக்கம் ஒரு சின்ன மோல்டிங் பட்டறையில் 11 வருடமாக மெஷின் ஓட்டுகிறேன். உங்கள் கேள்வியில் 'ஊற்றுவது' என்ற சொல்தான் இடிக்கிறது. அக்கானி (பதநீர்) காய்ச்சி, பாகைச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி எடுத்த ஊர் நம்முடையது. அதனால் பிளாஸ்டிக்கும் அப்படித்தான் என்று தோன்றும். உருகிய பிளாஸ்டிக் அப்படி ஓடாது. கிண்டிக் கிண்டி இறுகிய அல்வா மாதிரி இழுக்கும். சாய்த்தால் அதுவாகப் போய் அச்சின் மூலை முடுக்கையெல்லாம் நிரப்பாது. முரட்டுத்தனமாக அழுத்தித் தள்ள வேண்டும். இஞ்செக்‌ஷன் மோல்டிங் என்பது இதுதான். செலவெல்லாம் அந்த அழுத்தத்தில் தொடங்குகிறது.

மூடிக்குப் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் போடுவோம், சுருக்கமாகப் பிபி. சிறுபயறு அளவு மணிகளாகச் சாக்கில் வரும். நிறத்துக்கு மாஸ்டர்பேட்ச் என்று இன்னொரு மணி கொஞ்சம் கலப்போம். வெள்ளை நிறம் தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. நம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் எடுக்கும் இல்மனைட் தாதுவிலிருந்து செய்கிற பொருள்தான் அது.

மணிகளை மேலே ஹாப்பர் என்கிற தொட்டியில் கொட்டினால் கீழே பேரலுக்குள் விழும். பேரல் ஒரு தடித்த இரும்புக் குழாய். வெளியே ஹீட்டர் பட்டைகள், உள்ளே நீளமான ஸ்க்ரூ. பிபிக்கு முனைப் பக்கம் 220 டிகிரி வாக்கில் வைப்போம். ஆனால் உருகுவதற்கான சூட்டில் பெரும்பங்கு ஹீட்டரிலிருந்து வருவதில்லை. ஸ்க்ரூ சுற்றும்போது மணிகள் நசுங்கி உரசுகிற உரசலில் வருகிறது. 1872இல் ஹயாட் சகோதரர்கள் அமெரிக்காவில் செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்குக்காக முதல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியபோது இந்த ஸ்க்ரூ கிடையாது; ஊசி மருந்தைத் தள்ளுவது போல ஒரு தண்டுதான் தள்ளும். ஓரம் உருகிவிடும், நடுவில் இருப்பது வேகாமல் நிற்கும். 1946இல் ஜேம்ஸ் ஹெண்ட்ரி என்ற அமெரிக்கர் ஸ்க்ரூ மெஷினைக் கொண்டு வந்த பிறகுதான் மெட்டீரியலும் நிறமும் சீராகக் கலந்து வரத் தொடங்கின.

ஸ்க்ரூ சுற்றச் சுற்ற, உருகியது முன்னால் சேரும். ஸ்க்ரூ பின்னால் நகரும். ஒரு ஷாட்டுக்கு, அதாவது ஒரு தடவை அச்சை நிரப்ப, வேண்டியது சேர்ந்ததும் சுற்றுவது நின்று, அதே ஸ்க்ரூ பிஸ்டனாக மாறி முன்னால் பாயும். மூடி மாதிரி சின்ன சாமானுக்கு ஒன்றிரண்டு நொடியில் அச்சு நிரம்பிவிடும். உடனே அழுத்தத்தை விட்டுவிடக் கூடாது. உள்ளே ஆற ஆறச் சுருங்கும், அந்த இடத்துக்கு இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இதை ஹோல்டிங் என்போம். குறைத்தால் மூடியின் மேல் பள்ளம் விழும்.

இனி அச்சுக்கு வருகிறேன். பட்டறையில் டை என்றுதான் சொல்வோம். இரண்டு பாதிகள், ஒன்றில் வெளி உருவம், மற்றதில் உள் உருவம். 6 செ.மீ. அகல மூடி என்றால் பரப்பு 28 சதுர செ.மீ. சொச்சம். உள்ளே ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 300 கிலோ அழுத்தம் என்று கணக்குப் போட்டால், ஒரு மூடியே எட்டரை டன் விசையில் டையைப் பிளக்கப் பார்க்கும். ஒரே நேரத்தில் நாலு மூடி எடுத்தால் 34 டன். அதற்கு மேலான பலத்தோடு மெஷின் டையை மூடிப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் இடுக்கில் கசிந்து விளிம்பில் பிசிறு நிற்கும், அதுதான் ஃபிளாஷ். இத்தனை அழுத்தத்தை லட்சக்கணக்கான தடவை தாங்க நல்ல உருக்கு வேண்டும். அதே டையில் உள்ளே இருக்கும் காற்று வெளியேற, ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்கு இடைவெளியும் விட வேண்டும். விடாவிட்டால் சிக்கிய காற்று அமுங்கிச் சூடேறி, மூடியின் ஓரம் கருகும்.

வீட்டில் ஒரு தேன் பாட்டில் மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். மரை கூர்மையாக இல்லாமல் மழுங்கலாக உருண்டிருந்தால், அந்த மூடியை டையிலிருந்து திருகி எடுக்கவில்லை, அப்படியே உருவித் தள்ளியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பிபி கொஞ்சம் விரிந்து கொடுத்துத் திரும்பவும் பழைய வடிவுக்கு வந்துவிடும். கூர்மையான மரை வேண்டுமென்றால் டைக்குள் பல்சக்கரம் வைத்துத் திருகி எடுக்க வேண்டும், விலை எகிறும். மூடியின் நெற்றி நடுவில் சின்னப் புள்ளி தெரிகிறதா? மெட்டீரியல் நுழைந்த வாசல் அது. கேட் என்போம்.

ரப்பர் சாமான் செய்பவர்களுக்கு இதெல்லாம் தலைகீழாக இருக்கும். ரப்பர் சூடான டைக்குள் வெந்து கெட்டியாகும், பிறகு உருகாது. பிளாஸ்டிக் டையைத் தண்ணீர் ஓடவிட்டுக் குளிர்ச்சியாக வைத்திருக்கிறோம். டைக்குள் அந்தத் தண்ணீருக்கு வழி துளைப்பதுதான், என்னைக் கேட்டால், டை செய்பவரின் உண்மையான கைத்திறன். ஒரு ஷாட்டுக்கு ஆகும் நேரத்தில் பாதிக்கு மேல் ஆறுவதற்கே போகும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நாலு வருடம் முன்னால், மாசி மாதம், ரப்பர் மரங்கள் தளிர்த்துத் தேன் வரத்து இருக்கிற நேரம். 40 ஆயிரம் மூடி ஆர்டர், தேதி நெருங்கிவிட்டது. ஷாட்டுக்கு 18 நொடி ஓடிக்கொண்டிருந்ததை, ஆற விடும் நேரத்தில் 4 நொடி வெட்டி 14க்குக் கொண்டு வந்தேன். மணிக்கு 800 வந்த இடத்தில் ஆயிரத்துக்கு மேல் விழுந்தது. ஒன்றை எடுத்துப் பாட்டிலில் திருகிப் பார்த்தேன், கச்சிதம். சூடு போகாமலே சாக்கில் கட்டி அடுக்கிவிட்டேன். மறுநாள் காலிப்பர் என்ற அளவுக்கருவி வைத்து அளந்தால் ஒரு குறுக்கே 60.1 மி.மீ., இன்னொரு குறுக்கே 59.3. வட்டம் நீள்வட்டம் ஆகியிருந்தது. பிபி டையை விட்டு வந்த பிறகும் ஒன்றிரண்டு நாள் சுருங்கிக்கொண்டே இருக்கும். மேலே சாக்கின் பாரம் வேறு. அதற்குள் ஒரு சாக்கு போய்ச் சேர்ந்து, அவர்கள் தேன் அடைத்து, பெட்டியைச் சுற்றி எறும்பு வரிசை கட்டியாயிற்று. முதலாளி திட்டவில்லை. "மக்கா, இருக்கிறதை எல்லாம் கிரைண்டர்ல போடு" என்று மட்டும் சொன்னார். அரைத்ததைத் தேன் மூடிக்கு மறுபடி போட மனம் வரவில்லை. கறுப்பு கலந்து பூச்சட்டி ஓட்டினோம்.

சரி, உங்கள் பணத்துக்கு வருவோம். அந்த நாலு மூடி டைக்கு எங்கள் பட்டறை கொடுத்தது 2 லட்சத்து 80 ஆயிரம், கோயம்புத்தூரில் செய்தது. பத்தாயிரம் மூடிதான் வேண்டும் என்றால் ஒவ்வொன்றின் தலையிலும் டைக்காக மட்டும் 28 ரூபாய் ஏறும். பத்து லட்சம் மூடி எடுத்தால் 28 பைசா. கடை மூடி மலிவாக இருப்பதற்குக் காரணம் இந்த வகுத்தல்தான்.

நீங்கள் வருடத்துக்குச் சில ஆயிரம் பாட்டில் விற்பவர் என்றால் சொந்த டை வேண்டாம் என்பேன். உங்கள் பாட்டிலுக்குப் பொருந்துகிற டை ஏற்கெனவே வைத்திருக்கும் பட்டறையைத் தேடிப் பிடித்து, மூடியின் நெற்றிப் பகுதிக்கு மட்டும் கழற்றி மாட்டுகிற துண்டு ஒன்றில் பெயர் வெட்டித் தர முடியுமா என்று கேளுங்கள். இன்செர்ட் என்றால் புரிந்துகொள்வார்கள். எல்லா டையிலும் முடியாது, ஆனால் முடிந்தால் செலவு ஆயிரங்களில் நிற்கும். போகும்போது காலி பாட்டில் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள், கழுத்து மரையை அளக்காமல் பேசிப் பயனில்லை. அப்புறம், வெட்டுகிறவரிடம் எழுத்தை இடவலம் திருப்பித்தான் வெட்டுகிறாரா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எங்களுக்கு ஒருமுறை நேராக வெட்டி வந்து, முதல் ஷாட்டில் விழுந்த நாலு மூடியையும் கண்ணாடி முன்னால் பிடித்துத்தான் பெயரைப் படிக்க வேண்டியிருந்தது.